பந்துத்துரையின் கல்லறை

அந்தப் படத்தில் பதினைந்து பேர் இருந்தார்கள். பின்வரிசையில் இடப்பக்கமிருந்து மூன்றாவதாகக் கைகளைக் கட்டிக்கொண்டு, படம் பிடிப்பவரை முறைத்தபடி நின்றவர்தான் மிஸ்ஸின் பாட்டனார். தடித்த கம்பளிச் சட்டை, முழங்காலுக்குக் கீழே இறுகக் கட்டிய காற்சட்டை, இரண்டு பக்கமும் தொங்கும் மீசை. இடது காது பிசைந்து வைத்த மாவு உருண்டைபோல நசுங்கியிருக்கும். முன்வரிசையில் ஒருவர் மடியில் வைத்திருந்த தோல்பந்து இன்றைய ரக்பிப் பந்தைவிடப் பருத்தது. சிட்னியில், ஸ்ட்ராத்ஃபீல்டில் மிஸ்ஸின் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேலே அந்தப் படம் தொங்கியது. செவ்வாய்க்கிழமைகளில் அதன் கண்ணாடியைத் துடைப்பதும் என் வேலைகளில் ஒன்று. அந்த மனிதரைப் பற்றி எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும் என்பது தெரியாமலே ஒரு வருடத்துக்கு மேல் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மிஸ்ஸுக்கு அப்போது எண்பது தாண்டிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பூமிசாஸ்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்யாதவர். முழங்கால் இரண்டும் கைவிட்டபிறகு வீட்டுக்கு வந்து பராமரிக்கும் வேலைக்கு என்னை அனுப்பினார்கள். பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே கண்டிப்பாகச் சொன்னார். என் நாக்கு வளையவில்லை. எங்கள் ஊரில் படிப்பிக்கிற பெண்ணைக் கூப்பிடுவதுபோல 'மிஸ்' என்றேன். கொஞ்ச நாளில் அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

அவருக்கு ஒரே ஒரு வேலைதான் மிச்சமிருந்தது. தன் பாட்டனாரின் வாழ்க்கையைச் சின்னப் புத்தகமாக எழுதி, அவர் விளையாடிய ரக்பிக் கழகத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். மேசை நிறையப் பழைய கடிதங்கள், பத்திரிகைத் துண்டுகள், ஒரு பூதக்கண்ணாடி. நான் கஞ்சி காய்ச்சும்போதும் கால் பிடித்துவிடும்போதும் அவர் வாசித்துக் காட்டுவார். எனக்கு ரக்பி என்றால் மாடுகளுக்கு மனித உடுப்புப் போட்டு முட்டவிட்ட மாதிரி. ஆனாலும் கேட்டுக் கேட்டு அந்த மனிதரின் ஆட்டம் முழுக்க எனக்குப் பாடமாகிவிட்டது.

விக்டோரியா மகாராணி காலம். வங்கிக் குமாஸ்தா ஒருவரின் மூன்றாவது மகன். பதினெட்டு வயதில் கழகத்தில் சேர்ந்திருக்கிறார். அந்தக் காலத்தில் சட்டையில் எண் கிடையாது. மழை பெய்து சேறானால் யார் எந்தப் பக்கம் என்று ஆடுகிறவர்களுக்கே மட்டுக்கட்ட முடியாதாம். பந்தோடு எதிரியின் கோட்டைக் கடந்து விழுவதைவிட, அதற்குப்பின் கம்பத்துக்கு மேலாக உதைப்பதற்கே மதிப்பு அதிகம். இவர் ஓடுகிறவரும் அல்ல, உதைக்கிறவரும் அல்ல. தோளோடு தோள் கோத்து முட்டித் தள்ளுகிற கும்பலுக்கு நடுவில் நிற்கிறவர். பத்திரிகைகளில் அவர் பெயர் வந்தது மிகக் குறைவு என்று மிஸ் குறைப்படுவார். வந்த இடங்களிலும் 'வழக்கம்போல உழைத்தார்' என்று ஒரு வரிதான். நியூ சவுத் வேல்ஸ் அணிக்கு ஒரே ஒரு தடவை எடுத்தார்கள். கப்பலில் வந்த இங்கிலாந்து ஆட்களோடு அந்த ஆட்டம். அதில் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தும் முடியும்வரை நின்றாராம். அதற்குப்பிறகு அந்த அணிக்கு அவரைக் கூப்பிடவே இல்லை. மிஸ் இதைச் சொல்லும்போது நேற்று நடந்த அநியாயம்போல முகம் சிவக்கும்.

தோள் பழையபடி வரவில்லை. சில வருடம் கழகத்தில் ஆடிப்பார்த்துவிட்டு, கல்யாணமும் முடித்து, ஒரு கைக்குழந்தையை மனைவியிடம் விட்டுவிட்டு, தேயிலைத் தோட்டத்தில் சின்னத்துரை என்கிற உதவி நிர்வாகி வேலைக்கு இலங்கைக்குக் கப்பல் ஏறியிருக்கிறார். குடும்பத்தைப் பிறகு கூப்பிடுவதாகத்தான் பேச்சு. ஏழு வருடம் கடிதம் வந்தது. பிறகு தோட்டத்துக் கம்பனியிலிருந்து ஒரு கடிதம், காய்ச்சலில் இறந்தார், அந்தப் பகுதியிலேயே அடக்கம் செய்தோம் என்று. எந்த இடம் என்று அதில் இல்லை. கடிதங்களில் இருந்த தோட்டத்தின் இங்கிலீஷ் பெயர் இன்றைய எந்த வரைபடத்திலும் இல்லை. பக்கத்துத் தோட்டத்தோடு எப்போதோ சேர்த்துவிட்டிருந்தார்கள். அந்தக் கைக்குழந்தைதான் மிஸ்ஸின் தகப்பன். தகப்பனின் கல்லறையில் ஒரு பூ வைக்கவில்லையே என்று சாகும்வரை சொன்னாராம். மிஸ்ஸின் புத்தகத்தில் கடைசிப் பக்கம் வெறுமையாக இருந்தது அதனால்தான். அதைவிட ஒரு ஆசையும் அவருக்கு இருந்தது. தன் சாம்பலில் பாதியைச் சிட்னியில் பெற்றோரோடும், மறுபாதியைப் பாட்டனாரோடும் வைக்க வேண்டும் என்பது. அதைத் தன் தம்பி மகனிடம் சொல்லி எழுதியும் வைத்திருந்தார்.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன மாதம்வரைக்கும் இந்த நாட்டில் எந்தத் தமிழரிடமும் சொல்லாதது. நான் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயம் என்கிற வரிசைக் குடியிருப்பின் ஓர் அறையில் பிறந்தவள். அம்மா கொழுந்து எடுத்தார், அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். எனக்குப் பதினொரு வயதில் இனக்கலவரத்தில் லயம் எரிந்தபோது வடக்கே வவுனியாவுக்கு ஓடிவந்தோம். அங்கே பள்ளிக்கூடத்தில் என் பேச்சைக் கேட்டுப் பிள்ளைகள் 'தோட்டக்காட்டாள்' என்று சிரித்தார்கள். ஆறு மாதத்தில் 'ஆமா'வை விட்டு 'ஓம்' சொல்லப் பழகினேன். ஒரு வருடத்தில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளைவிட நன்றாக யாழ்ப்பாணம் பேசினேன். பிறகு யாழ்ப்பாணத்தவரையே கல்யாணம் செய்தேன். அவருக்குத் தெரியும். தெரிந்தும் செய்தவர். ஆனால் 'ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை' என்று அவர் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. வற்புறுத்தி மறைத்தார் என்று பழியை அவர்மேல் போட முடியாது. அவர் கதவைச் சாத்தினார், பூட்டியது நான்.

எங்கள் ஆட்கள் தோட்டங்களை இங்கிலீஷ் பெயரால் சொல்வதில்லை. ஒவ்வொன்றுக்கும் லயத்தில் ஒரு பெயர் உண்டு. ஒரு மரத்தின் பெயரோ, முதல் காடு வெட்டிய துரையின் பெயரோ, ஒரு சாமியின் பெயரோ. எங்கள் தோட்டத்துக்குப் பந்துத்துரை மலை என்று பெயர். தொழிற்சாலைக்கு மேலே, இரண்டாகப் பிளந்த பாறைக்குப் பக்கத்தில், அந்தத் துரையின் கல்லறை இருந்தது. எழுத்தெல்லாம் பாசி தின்றுவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்து அதன்மேல் உட்கார்ந்துதான் நாங்கள் கொய்யாப்பழம் தின்போம். கவ்வாத்து தொடங்கும் நாளில் முதல் தேங்காய் மாடசாமிக்கு, இரண்டாவது தேங்காய் பந்துத்துரைக்கு. அதை உடைக்கிற முறை எங்கள் குடும்பத்துக்கு. அப்பாதான் உடைப்பார். ஞாயிற்றுக்கிழமையில் ஆட்களைப் பிடித்து இரண்டு பக்கமாகத் தோள் கோக்க வைத்து முட்டவிட்ட துரையாம் அவர். அடைமழையில் செத்தாராம். பாதை உடைந்து டவுனுக்குக் கொண்டுபோக முடியாமல், அந்த முட்டின ஆட்களே பிணத்தைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய் அந்த மேட்டில் புதைத்தார்களாம். "உசுரோட இருந்தப்ப நம்மள முட்ட வச்சாரு, செத்த பொறகும் நம்மதான் தூக்குனோம்" என்று அப்பா ஒவ்வொரு வருடமும் சொல்லிவிட்டுத்தான் தேங்காயை உடைப்பார். அதில் கோபமும் இருந்தது, ஒரு விதமான உரிமையும் இருந்தது.

மிஸ்ஸைக் குளிப்பாட்ட இரண்டு பேர் வேண்டும் என்பதால் செவ்வாய்க்கிழமைகளில் என்னோடு வேலைசெய்த, நான் அன்ரி என்று கூப்பிடுகிற மூத்த பெண்ணும் வருவார். அன்ரி யாழ்ப்பாணம். இந்த வேலைக்கு என்னைச் சேர்த்துவிட்டவரே அவர்தான். என் மகளை மூன்று வருடம் தன் வீட்டில் வைத்துப் பார்த்தவர். எனக்குக் காய்ச்சல் என்றால் ரசத்தோடு பஸ் ஏறி வருகிறவர். 'எங்கட பிள்ளை' என்றுதான் என்னை எல்லோருக்கும் சொல்வார். அந்த 'எங்கட' என்ற சொல்லுக்காக நான் எதையும் செய்திருப்பேன். அதைத்தான் செய்தேனோ என்னவோ.

அன்று குளிப்பாட்டி முடித்து அன்ரி மிஸ்ஸின் தலையைச் சீவிக்கொண்டிருந்தார், நான் துவாய்களை மடித்துக்கொண்டு நின்றேன். மிஸ் பாட்டனாரின் கடிதம் ஒன்றைப் பூதக்கண்ணாடியால் பார்த்து வாசிக்கத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்து ஆட்களில் இருபது பேரைப் பிடித்துப் பத்துக்குப் பத்தாகத் தோள் கோத்துத் தள்ளப் பழக்கியிருக்கிறேன். பாறை புரட்டும்போது பாடுகிற பாட்டைப் பாடிக்கொண்டே தள்ளுகிறார்கள். இவ்வளவு உறுதியான ஆட்களைச் சிட்னியிலும் நான் கண்டதில்லை. எங்கள் மைதானம் தொழிற்சாலைக்கு மேலே, பிளந்த பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இவ்வளவுதான் கடிதம். எனக்குக் கை நின்றுவிட்டது. நிமிர்ந்து படத்தைப் பார்த்தேன். நசுங்கிய காதோடு அவர் என்னை முறைத்தார். மிஸ் என் பக்கம் திரும்பி, நீ அந்த நாட்டுப் பெண்தானே, இப்படி ஒரு இடம் கேள்விப்பட்டிருக்கிறாயா என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்கத்தான் போனேன். இன்றைக்கும் அப்படித்தான் நம்ப விரும்புகிறேன். அதற்குள் அன்ரி மிஸ்ஸின் தலையிலிருந்து சீப்பை எடுக்காமலே என்னைப் பார்த்துச் சிரித்தார். "உதெல்லாம் தோட்டக்காட்டுப் பக்கம். உமக்கு என்னெண்டு தெரியும்?" என்று தமிழில் என்னிடம் சொல்லிவிட்டு, இவள் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, அந்தப் பக்கம் மிதித்தும் இருக்கமாட்டாள் என்று மிஸ்ஸுக்கு இங்கிலீஷில் விளக்கினார். அதில் குத்தல் எதுவும் இல்லை. குத்துவதற்கு எதிரே ஆள் இருக்க வேண்டுமே. அவர் கண்ணில் அங்கே அப்படி ஒருத்தி இல்லை. மிஸ் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாது மிஸ்" என்றேன். துவாயை மடித்து முடித்தேன். நன்றாக மடித்தேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது.

சந்தர்ப்பம் ஒன்றுதான், அது தவறிவிட்டது என்று சொல்லித் தப்ப முடியாது. அன்ரி செவ்வாயில் மட்டும்தான் வருவார். வாரத்தில் இன்னும் நான்கு நாள் நானும் மிஸ்ஸும் தனியாகத்தான் இருந்தோம். புதன்கிழமை சொல்லியிருக்கலாம். வியாழக்கிழமை சொல்லியிருக்கலாம். ஒரு தடவை தெரியாது என்று சொன்னபிறகு, தெரியும் என்று சொல்ல அதற்கு ஒரு காரணமும் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்தை மிஸ் செவ்வாய்க்கிழமை சந்தோஷத்தில் அன்ரியிடம் சொல்லிவிடுவார். அன்ரி ஒன்றும் சொல்லமாட்டார். அடுத்த தடவை ரசம் கொண்டுவருவாரா என்பதுதான் என் கவலை. எழுதும்போது கேவலமாக இருக்கிறது. அப்போது அது பெரிய விஷயமாக இருந்தது.

சில மாதம் கழித்து மிஸ்ஸுக்கு ஒரு பதில் வந்தது. யார் யாரையோ பிடித்து இலங்கையில் விசாரித்திருந்தார். மலைநாட்டு டவுன் ஒன்றில் பழைய தேவாலயத்து இடுகாட்டில், அதே குடும்பப் பெயரோடு ஒரு கல் இருக்கிறதாம். முதற்பெயர் உடைந்துபோயிருந்தது. படமும் அனுப்பியிருந்தார்கள். மிஸ்ஸுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. பூமிசாஸ்திரம் படிப்பித்தவர் அல்லவா, தூரத்தை அளந்து பார்த்திருந்தார். மழைக்காலத்தில் இறந்த ஒருவரை அவ்வளவு தூரம், அந்த மலைப்பாதையில் கொண்டுபோயிருப்பார்களா என்று என்னிடம் கேட்டார். அன்றைக்கு அன்ரி இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பாதை உடைந்த கதையை ஒவ்வொரு வருடமும் தேங்காயோடு கேட்டு வளர்ந்தவள் நான். 'ஓம் மிஸ், துரைமாரை எல்லாம் எப்படியாவது டவுனுக்குத்தான் கொண்டுபோவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்' என்றேன். இந்தக் கேள்விகள் முடிந்துபோக வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நோக்கம் இருக்கவில்லை. மிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. அன்று பின்னேரமே கடைசிப் பக்கத்தை எழுதி முடித்தார்.

புத்தகம் அச்சாகி வருவதற்கு மூன்று கிழமைக்கு முன் மிஸ் காலமானார். சடங்கில் நான் பின்வரிசையில் அன்ரிக்குப் பக்கத்தில் இருந்தேன். மிஸ்ஸின் தம்பி மகன், அந்தக் கழகத்திலேயே விளையாடிப் பிறகு பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர், எழுந்து பேசினார். அத்தை தேடியது கிடைத்துவிட்டது, அது போதும் என்றார். அடுத்த வருடம் சாம்பலில் பாதியை எடுத்துக்கொண்டு இலங்கைக்குப் போனார். அங்கிருந்து எனக்குப் படம் அனுப்பினார். வெட்டிச் சீராக்கிய புல், வெள்ளைச் சுவர், புதிதாகக் கழுவிய ஒரு கல், அதன் காலடியில் சின்னக் குழி. மிஸ் யாரோ முன்பின் தெரியாத மனிதருக்குப் பக்கத்தில் இருக்கிறார். ஆனாலும் 'மிக அழகு' என்று இங்கிலீஷில் பதில் அனுப்பினேன்.

புத்தகத்தில் ஒரு பிரதியை அவர் எனக்கும் கொடுத்தார். நாற்பது பக்கம். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லியிருந்தார் மிஸ். பெயர்கள் பல, நடுவில் என் பெயர். அடக்கம் நடந்த இடத்தை உறுதி செய்ய உதவிய, யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த என் தோழிக்கு என்று அச்சடித்திருந்தது. நான் சொன்ன பொய்கள் இரண்டும் ஒரே வரியில். அது கழகத்து மண்டபத்திலும் இருக்கிறது, நூலகத்திலும் இருக்கிறது. என் வீட்டில் அலமாரிக்குள், சேலைகளுக்கு அடியில் இருக்கிறது.

இப்போது மகளோடு மெல்பேர்ன் பக்கம் வெரிபீயில் இருக்கிறேன். சுற்றிவர ஒரே மாதிரிப் புது வீடுகள். இங்கே ஒவ்வொரு குடியிருப்பையும் எஸ்டேட் என்கிறார்கள். தமிழர்கள் சந்தித்தால் முதல் கேள்வி நீங்கள் எந்த எஸ்டேட் என்பதுதான். நான் கூச்சமில்லாமல் பதில் சொல்கிறேன். அறுபது வயதில் ஒரு வேடிக்கை.

போன மாதம் மிஸ்ஸின் தம்பி மகன் தொலைபேசியில் எடுத்தார். பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் கழகத்தில் விளையாடத் தொடங்கிவிட்டார்களாம். அவர்களைக் கல்லறைக்குக் கூட்டிப்போய்க் காட்டப் போகிறாராம். எந்த மாதம் மழை குறைவு என்று கேட்கத்தான் எடுத்திருந்தார். மாசி நல்லது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பிறகு இரண்டு நாள் அந்தப் பிள்ளைகள் யாருடையதோ கல்லுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பது கண்ணுக்குள்ளேயே இருந்தது. மகளிடம் முதல்முதலாக எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு நான் எங்கே பிறந்தேன் என்பதில் ஆச்சரியமே இல்லை. அதை ஏன் ஒரு ரகசியமாக வைத்தேன் என்பதுதான் விளங்கவில்லை. "ஜஸ்ட் கால் ஹிம், அம்மா" என்றாள்.

எடுத்தேன். அந்தக் கல்லறை அவருடைய முப்பாட்டனாருடையது அல்ல என்று சொன்னேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். பிறந்த இடத்தைச் சொன்னேன். பிளந்த பாறையைச் சொன்னேன். அப்பாவையும் தேங்காயையும், மழையில் தூக்கிக்கொண்டுபோன ஆட்களையும் சொன்னேன். சாம்பலை எடுக்க முடியுமா என்று நானே கேட்டேன். முடியாது, மண்ணோடு கலந்துதான் வைத்தோம் என்றார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அது வந்திருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

அத்தையிடம் ஏன் சொல்லவில்லை என்று கடைசியில் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவரே, குரலைத் தாழ்த்தி, இன்னொன்றும் கேட்டார். என் முப்பாட்டனார் உங்கள் ஆட்களைக் கொடுமைப்படுத்தினாரா, அதனால்தான் அவர் கிடக்கும் இடத்தைக் காட்ட உங்களுக்கு மனம் வரவில்லையா, அப்படியென்றால் நான்தான் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்.

மரியாதையான ஒரு காரணத்தை அவரே எடுத்து என் கையில் தந்துவிட்டார். அதில் முழுப் பொய்யும் இல்லை. அப்பாவின் குரலில் இருந்த கோபம் எனக்குத் தெரியும். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவர் மன்னிப்புக் கேட்பார், நான் பெருந்தன்மையாக ஏற்றுக்கொள்வேன். ஒரு நிமிடம், உண்மையாகவே ஒரு முழு நிமிடம், அதைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன்.

"இல்லை" என்றேன். "அவர் காரணமில்லை. நான் எங்கே பிறந்தவள் என்று தெரிந்துவிடும் என்று பயந்தேன். அன்றைக்கு என் பக்கத்தில் அன்ரி நின்றா. அவ்வளவுதான்."